மூடி தொலைந்த பிரேக் ஆயில் டின்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் போனுக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் என்று யார் கார் சர்வீசுக்குப் போனாலும், சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் பொங்கலூரிலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங் மச்சா, பிரேக் ஆயில மாத்தோணும்ங்கறானுக. நானே மூடியத் தொறந்து பாத்தனுங்க. ரொப்பி இருக்குது. ஒரு சொட்டுக் கொறையல. நம்மள ஏமாத்தறானுகளா?"

"வண்டி எடுத்து எத்தன வருசமாச்சுங்க?"

"மூணு முடிஞ்சு நாலு நடக்குதுங்க."

"ஒருக்காவாச்சும் மாத்தியிருக்குதுங்களா?"

"கொறைஞ்சாத்தானுங்களே மாத்தறதுக்கு?"

"மாத்தச் சொல்லிப்போட்டு வாங்க. பிரிக்காத டின்னக் கொண்டாந்து உங்க கண்ணு முன்னால பிரிக்கச் சொல்லுங்க" என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தச் 'சரிங்க'வில் சம்மதமே இல்லை. சர்வீஸ் சென்டர்காரனோடு நானும் கூட்டு என்று நினைத்திருப்பார். போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்.

பத்தாவதில் பெயிலான கையோடு பல்லடத்தில் ஒரு வேன் பட்டறையில் சேர்ந்தேன். ஏழு வருடம். சொல்லிக்கொள்ள அதிகமில்லை, திட்டு வாங்கினேன், தொழில் வந்தது. பிரேக் ஆயிலைப் பற்றி அங்கே நான் படித்த பாடம் மொத்தமே இரண்டு சொல்தான்: குறைந்தால் ஊற்று. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே கல்யாணம் கட்டி, வீடு கட்டி, திருப்பூரில் ஒரு பெரிய பனியன் கம்பெனிக்கு வண்டி ஷெட் பொறுப்பாளராகவும் ஆகிவிட்டேன்.

கம்பெனிக்கு ஏழு வேன். குண்டடம், மூலனூர், தாராபுரம் பக்கமிருந்து ஆட்களை ஏற்றிவந்து இறக்கும். அதுபோக முதலாளி வீட்டுக் கார்கள் நான்கு. எல்லாம் என் கையில். "வேலு பாத்துட்டானா?" என்று முதலாளி கேட்பார். "பாத்தாச்சுங்க, பிரேக்கு நல்லா இருக்குதுங்க" என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. குடும்பமே கண்ணை மூடிக்கொண்டு ஏறும். அந்தப் பெருமை எனக்கு நெம்பவே உண்டு. இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

ஷெட் எங்கே இருந்தது என்று சொல்லியாக வேண்டும். துணிக்கு ஆவி கொடுக்கிற பாய்லர் அறைக்கும் எங்கள் ஷெட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். ஆவிக்குழாய் எங்கேயாவது புஸ்ஸென்று கசிந்துகொண்டே இருக்கும். ஸ்பானரைத் துடைத்து வைத்தால் நாலு நாளில் துரு ஏறும். அந்தச் சுவரில்தான் எங்கள் அலமாரி. அதில் இன்ஜின் ஆயில், கிரீஸ் டப்பா, பிரேக் ஆயில் டின்.

பிரேக் ஆயில் டின் பெரியது, ஐந்து லிட்டர். அதன் மூடி என்றைக்கோ தொலைந்துவிட்டது. திருப்பூரில் இதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. கட்டிங்கில் விழுகிற பனியன் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கை துடைக்க அது, கண்ணாடி துடைக்க அது, ஒழுகுகிற குழாயைக் கட்ட அது. ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி டின்னின் வாயில் திருகி அடைத்துவிட்டேன். தூசி போகாது என்று எனக்குத் திருப்தி. வேண்டும்போது துணியைப் பிடுங்கி ஊற்றுவேன், மறுபடி திருகுவேன். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் அந்த டின் அப்படியே இருந்தது.

எங்களுக்கு மேலே மரியதாஸ் சார். கம்பெனியின் மொத்த மெயின்டனன்ஸும் அவர் பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்து ஆள். இருபது வருடம் எங்களோடு இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆளை முதலில் கூப்பிடுவார். பீகார்ப் பையனாக இருந்தால் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்பார். என்ன சத்தம் வந்தது, அதற்கு முன்னால் என்ன, அதற்குப் பிறகு என்ன. அவன் சொல்வதை முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை மெஷினைத் தொட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் குறுக்கே புகுந்து விளக்கம் சொன்னால், "நீங்க எல்லாரும் சுருக்கிச் சொல்லுதிய. எனக்குச் சுருக்கம் வேண்டாம் டே" என்பார்.

அவருக்கு நிட்டிங், பாய்லர், துணியைச் சூடேற்றி விரித்து எடுக்கிற ஸ்டென்டர் இவற்றோடேயே நாள் போய்விடும். வண்டி ஷெட்டுக்குள் வருவதில்லை. வேலு இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டிருந்தார்.

இப்போது நாச்சிமுத்துவிடம் வருகிறேன். முதலாளி வீட்டுப் பெரிய காரை ஓட்டியவர். குண்டடத்துக்காரர். பதினோரு வருடமாக அந்த வீட்டுக் கார்களை ஓட்டியதில் ஒரு கீறல் இல்லை. குடிக்க மாட்டார், பீடி கிடையாது. வண்டியில் ஏறுமுன் செருப்பை உதறிவிட்டு ஏறுவார். அவர் மனைவி சரசு எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தார். தைத்து வந்த பனியனை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை என்று அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை.

அவர் அப்போது ஓட்டிய கார் வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. பிரேக் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. குறையக் குறைய ஊற்றினேன். ஒரு வெயில் காலத்தில் முன்சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தது என்று புதிதாகப் போட்டேன். அப்போது வழிந்துபோன ஆயிலுக்குப் பதில் அந்த டின்னிலிருந்து ஊற்றி நிரப்பினேன். அது முடிந்து மூன்று மாதத்தில் முதலாளியின் மனைவியும் மருமகளும் கொடைக்கானல் கிளம்பினார்கள். கிளம்புமுன் வழக்கம்போல நான் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. "பிரேக்கு நல்லா இருக்குதுங்க" என்றேன்.

இறங்கி வரும்போது பழனி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நிற்கவில்லை. நாச்சிமுத்து கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவரோடு காரை உரசியே நிறுத்திவிட்டார். இடது பக்கம் முழுக்க நசுங்கியது. முதலாளியம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மருமகளுக்கு நெற்றியில் வீக்கம். உயிருக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் கார் வேறொரு வண்டியின் மேல் ஏறி ஷெட்டுக்கு வந்தது. சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், என்னைப் பார்க்கச் சொன்னார். மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. ஆயில் அளவு சரி. கசிவு இல்லை. அடிபட்ட காரையே கம்பெனி மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றது. சின்ன முதலாளியும் ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

நாச்சிமுத்து ஒரு ஓரமாக நின்றிருந்தார். சட்டையில் இன்னும் மலைப் புழுதி.

"பெடலு போயிருச்சுங்க. அடி வரைக்கும் போயிருச்சுங்க. பஞ்ச மிதிச்சாப்ல இருந்துச்சுங்க. அப்பறம் ஒரு அரைமணி நேரம் நிறுத்திப் போட்டு மிதிச்சேன், பழையபடி நல்லா ஆயிருச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். "ஏனுங்க நாச்சிமுத்து, செத்த பிரேக்கு அரைமணி நேரங் கழிச்சு எந்திரிச்சு உக்காருமுங்களா?"

"நடந்ததச் சொல்றனுங்க."

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். "வேலு, பிரேக்குல ஏதாச்சும் கோளாறு இருக்குதா, இல்லையா?"

"இல்லீங்க. சுத்தமா ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான். பிரேக்கில் கோளாறு இல்லையென்றால் ஓட்டியவர் கண் அசந்திருக்க வேண்டும். அதிகாலையில் எழுந்தவர், மலை இறக்கம், சாப்பாட்டுக்குப் பிறகான நேரம். கணக்கு ஒத்துவந்தது. முதலாளியம்மா கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற வீட்டில் வேறு பேச்சு எடுபடாது. நாச்சிமுத்துவைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் வாதாடவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

திருப்பூரில் இந்த மாதிரிச் செய்தி வேனை விட வேகமாகப் போகும். தூங்கி வண்டியை இடித்தவர் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்த வீட்டிலும் ஸ்டீரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். இரண்டே நாளில் 'தூங்கினார்' என்பது 'குடித்திருந்தார்' என்று ஆனது. செக்கிங் டேபிளில் சரசு காதுபடவே பேசினார்கள். அவர் தலையை நிமிர்த்தாமல் பனியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு அவருடையது என்று நம்பிக்கொண்டு பட்ட வருத்தம் அது. அந்த வருத்தத்துக்கு மதிப்பு கிடையாது.

மரியதாஸ் சார் அப்போது ஊரில் இல்லை. மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். பத்து நாள் கழித்து வந்தார். வந்த அன்றே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த டிரைவர் என்ன சொன்னாரு?"

"பெடலு போயிருச்சுன்னாருங்க சார்."

"அது சுருக்கம். அவரு சொன்னத அப்படியே சொல்லு."

முழுவதும் சொன்னேன். பஞ்சை மிதித்தது போல இருந்தது என்பதை. அரைமணி நேரம் கழித்துப் பழையபடி ஆனது என்பதை. இந்த இரண்டாவது வரியைப் பத்து நாளில் நான் யாரிடமும் சொல்லவில்லை. முட்டாள்தனமான பேச்சு, அதைச் சொல்லி அந்த ஆளை இன்னும் அசிங்கப்படுத்த வேண்டாம் என்று விட்டிருந்தேன். அந்த வரியைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"தூங்கினவனுக்கு இப்படி ஒரு பொய் சொல்லத் தெரியாது டே" என்று எழுந்தார். "வா, ஷெட்டுக்குப் போவோம்."

காரின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்த பிறகே திறந்தார். புது பிரேக் ஆயில் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். இதில் வரக்காப்பி நிறம். தினமும் பார்க்கிற எனக்கு அது உறைக்கவில்லை. முன்சக்கரத்து பிரேக்கில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்தி, அங்கேயிருந்து கொஞ்சம் ஆயிலை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுக்கச் சொன்னார். ஸ்டோரிலிருந்து பிரிக்காத புது டின் ஒன்றை வரவழைத்து, இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றினார். சாயம் சோதிக்கிற லேபில் இருக்கிற மின்சார அடுப்பை வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுவரச் செய்தார். ஸ்டென்டர் சூட்டைச் சரிபார்க்க அவர் வைத்திருந்த கம்பி மீட்டரையும் எடுத்துவந்தார். பக்கத்தில் மணல் வாளி. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அந்த ஆயில் தீப்பிடிக்கும்.

இரண்டு கிண்ணமும் ஒரே அடுப்பில் சூடேறின. நூற்று நாற்பது டிகிரியைத் தாண்டியதும் காரிலிருந்து எடுத்த ஆயிலில் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சாம்பார் மாதிரிக் கொதித்தது. பக்கத்தில் புது ஆயில் அசையாமல் இருந்தது. இருநூறைத் தொட்டும் அசையவில்லை. சார் அடுப்பை அணைத்தார்.

"பிரேக் ஆயிலுக்குத் தண்ணி மேல ஆசை. காத்துல இருக்கிற ஈரத்தக்கூட விடாது, இழுத்து வச்சுக்கிடும். மூடி போட்டிருந்தாலும் வருசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். அளவு கொறையாது. பாக்கவும் ஒண்ணும் தெரியாது. சமவெளியில ஓட்டினா பிரேக்கும் நல்லாத்தான் பிடிக்கும். மலை எறங்கும்போது மிதிச்சுக்கிட்டே வந்தா சக்கரத்துல சூடு ஏறும். சூடு ஏறினா உள்ள இருக்கிற ஈரம் கொதிச்சு ஆவியாகும். ஆயில அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம். மிதிச்ச மிதி எல்லாம் ஆவிய அமுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. அதுதான் அவரு சொன்ன பஞ்சு."

"அரைமணி நேரத்துல..." என்றேன்.

"ஆறினா ஆவி திரும்பத் தண்ணியாகும். பெடல் பழையபடி நிக்கும். நீ மைதானத்துல ஓட்டிப் பாத்தா எப்படிடே தெரியும்?"

பிறகு கேட்டார், "கடைசியா இதுல ஊத்தின ஆயில எங்க இருந்து எடுத்த?"

அலமாரியைக் காட்டினேன். அவர் டின்னை எடுத்தார். வாயில் அடைத்திருந்த பனியன் துணியைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது. சுவரைத் தொட்டார். அந்தப் பக்கம் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்த ஷெட்ட நானும் வந்து பாக்கல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"முதலாளிகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றனுங்க சார்."

அவரும் கூட வந்தார், ஆனால் கதவருகே நின்றுகொண்டார். முதலாளியிடம் கிண்ணத்தைப் பற்றி, ஈரத்தைப் பற்றி, டின்னைப் பற்றிச் சொன்னேன். என் வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

"அந்த எடத்துல அவன் செவுத்துப் பக்கம் திருப்பலீன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார் முதலாளி. "நீயே போயிக் கூட்டிட்டு வா. போன்ல சொல்லாத."

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் கம்பெனி விட்ட பிறகு குண்டடத்தில் நாச்சிமுத்து வீட்டுக்கு என் பைக்கிலேயே போனேன். அவர் வெளியே முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். மூலனூர் சந்தைக்கு அனுப்புகிற ஒரு தோட்டத்துக்காரருக்குக் கூலி வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தவன் வந்தாலும் நாற்காலி போடுவார்கள். அந்த மரியாதையே என்னைக் குத்தியது.

"நாச்சிமுத்து, வண்டியில பிரேக்கு போனது நெசந்தானுங்க. ஆயிலுல ஈரம் ஏறி இருந்துச்சுங்க. மரியதாஸ் சார் கண்டுபுடிச்சுட்டாருங்க. முதலாளிகிட்டயும் சொல்லீட்டனுங்க, உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க."

அவர் கையில் இருந்த கட்டு அப்படியே நின்றது.

"அப்ப நா தூங்கலீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "என்னங்க கேக்கறீங்க? நீங்கதானுங்களே தூங்கலைன்னு சொன்னீங்க?"

"மொத ரெண்டு நாளு சொன்னனுங்க. அப்பறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. ஒருவேள கண்ணசந்திருப்பனோ, திடுக்குனு முழிச்ச வெசைல பெடலு போச்சுன்னு மனசு சொல்லுதோன்னு. ராவிக்கெல்லாம் அதையே நெனச்சிட்டுக் கெடந்தனுங்க." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "சரசு, இங்க வா. இவரு சொல்றத நீயும் வந்து கேளு. மறுக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். பிரேக் ஆயில் கெட்டுவிட்டது, அதுதான் காரணம் என்று. சரசு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, டேபிளில் பனியனைப் பார்க்கிற அதே பார்வையில் என்னைப் பார்த்தார்.

"ஆயில் தானாக் கெட்டுச்சுங்களா?"

வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தது இந்தக் கேள்வியைத்தான். யோசித்தும், இரண்டு தடவை சொன்னதில் இரண்டு தடவையும் பழியை ஆயில் மேல்தான் போட்டிருந்தேன்.

"இல்லீங்க. நாந்தானுங்க கெடுத்தேன். மாத்த வேண்டியத மாத்தாம விட்டேன். மூடி இல்லாத டின்னுல இருந்து ஊத்தினேன். அவரு சொன்னத நம்பாமச் சிரிச்சேன். பிரேக்குல ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் நாந்தானுங்க."

நாச்சிமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சரசு அழவில்லை.

"முதலாளிகிட்டச் சொல்லீட்டீங்க. எங்க டேபிள்ல யாருங்க சொல்றது?"

"நானே வந்து சொல்றனுங்க" என்றேன். மறுநாள் வேன்களுக்கெல்லாம் பிரேக் ஆயில் மாற்றப்போகிறேன் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. அந்த டின்னிலிருந்து ஏழு வேனுக்கும் நான் ஊற்றியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மாற்றியாக வேண்டும். காலையில் ஷெட்டைத் திறந்தால் நாச்சிமுத்து வந்து நின்றார். "பிரேக்கு ஆயில் மாத்த ரெண்டாளு வேணும்ங்களே?" என்றார். நான் கூப்பிடவே இல்லை.

உண்மைதான், அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். முதலில் டப்பாவில் இருக்கிற பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்போதே பிரித்த டின்னிலிருந்து புதியதை ஊற்ற வேண்டும். பிறகு தூரத்துச் சக்கரம், அதாவது இடது பின் சக்கரம். அதன் திருகில் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள் விட வேண்டும். பெடலில் இருப்பவர் மூன்று தடவை மிதித்து, நான்காவது மிதியை விடாமல் அழுத்திப் பிடிப்பார். கீழே இருப்பவர் திருகைத் தளர்த்துவார். கறுத்த ஆயில் வரும். பெடல் அடிவரை போகும். திருகை இறுக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்றை இழுத்துக்கொள்ளும். இடையிடையே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். வண்டி பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். குழாயில் தெளிந்த ஆயில் குமிழ் இல்லாமல் வரும்வரை இதே வேலை. பிறகு அடுத்த சக்கரம்.

"புடிச்சிருக்கீங்களா?" என்று நான் கீழேயிருந்து கேட்பேன்.

"புடிச்சிருக்கறனுங்க."

"போகுதுங்களா?"

"போகுதுங்க... அடிக்குப் போயிருச்சுங்க."

முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது குரல் உடைந்தது. பெடல் அடிக்குப் போவது என்றால் அவருக்கு அந்த வளைவுதான். "எறுக்கீட்டனுங்க, இப்ப விடுங்க. மறுக்கா மிதிங்க, கல்லு மாதிரி நிக்கும் பாருங்க" என்றேன். மிதித்தார். நின்றது. இருபத்தெட்டுச் சக்கரம். சக்கரத்துக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி தொடங்கினோம். அதுவரை வண்டியைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாவது வேனில் அவராகவே, "கொறையாத ஆயில மாத்தோணும்னு எனக்குந்தான் தெரியலீங்க" என்றார். என்னை மன்னிக்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று தெரியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் ஏழும் முடிந்தது. ஒவ்வொரு வேனின் டப்பாவிலும் மாற்றிய தேதியை எழுதி ஒட்டினோம்.

திங்கட்கிழமை காலை டீ பெல் அடித்ததும் செக்கிங் ஹாலுக்குப் போனேன். அறுபது பெண்கள் இருப்பார்கள். மரியதாஸ் சாரும் நாச்சிமுத்துவும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். சுருக்காமல் சொன்னேன். ஈரத்தை, டின்னை, துணியை, என் சிரிப்பை. நாச்சிமுத்து தூங்கவுமில்லை, குடிக்கவுமில்லை, முதலாளி வீட்டு உயிர்களைக் காப்பாற்றியது அவர்தான், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். சரசு தன் டேபிளில் உட்கார்ந்து டீயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

பிசிறு நூல் வெட்டுகிற மாராத்தாள் எழுந்தார். குண்டடம் வேனில் வருகிறவர், எல்லாருக்கும் மூத்தவர்.

"ஏஞ்சாமி, எங்க வேனுக்கும் அந்த டின்னுல இருந்துதான் ஊத்துனீங்களா?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. அதில் பாதிப்பேர் எங்கள் வேன்களில் வருகிறவர்கள்.

"ஆமாங்க" என்றேன். "நேத்து மாத்தீட்டமுங்க. இப்ப பிரேக்கு நல்லா..."

எனக்கு அதற்கு மேல் வரவில்லை. அதே வார்த்தையை வைத்துத்தான் ஒரு ஆளின் பிழைப்பைக் கெடுத்திருந்தேன். மாராத்தாளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"நாச்சிமுத்து, நீ சொல்லு கண்ணு. நாங்க ஏறலாமா?"

நாச்சிமுத்து இரண்டடி உள்ளே வந்தார். "ஏறலாமுங்க ஆத்தா. ஏழு வேனுக்கும் நா கூடவே இருந்தனுங்க."

"அப்பச் சரி" என்று மாராத்தாள் உட்கார்ந்து கத்திரியை எடுத்தார்.